சூரிய வீட்டில் பால் பொங்கிய நாள்

என் கணவர் வளைகுடா நாடு ஒன்றில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஆபரேட்டராக இருந்தார். கச்சா எண்ணெயைக் காய்ச்சி உலகத்துக்குப் பெட்ரோலும் டீசலும் கேஸும் கொடுக்கிற வேலை. அந்தச் சம்பளத்தில் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வீடு எழும்பியது. அந்த வீட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் கேஸுக்கும் இடமில்லை என்று அவர் அங்கிருந்தபடியே அறிவித்துவிட்டார். மாடியில் சோலார், அடுக்களையில் கரண்ட் அடுப்பு, முற்றத்தில் சார்ஜ் போட்டு ஓட்டும் ஸ்கூட்டர். தான் காய்ச்சுகிற சரக்கைத் தன் வீட்டு வாசற்படி ஏற விடாதவர்கள் சாராயம் காய்ச்சுகிறவர்கள் மட்டும்தான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆனால் அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் போனில் சொன்னார்: "கரண்ட் பில்லு இல்ல, கேஸு இல்ல, வண்டிக்கு பெட்ரோலு இல்ல. பின்ன நமக்கு என்ன செலவு இருக்கு? வீடு தன்னால ஓடுதுன்னு தெரிஞ்சா அன்னைக்கே வேலைய விட்டுட்டு வாறேன் பாத்துக்கோ."

இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எந்த அடுப்பையும் சகித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். எங்கள் மகள் பிறந்ததை அவர் போனில் கேட்டார். அவளைச் சபையில் முழு அங்கத்தினராக்கிய திடப்படுத்தல் ஆராதனையைப் போட்டோவில் பார்த்தார். சொந்த அப்பாவின் நல்லடக்கத்தை வீடியோவில் பார்த்தார். தொழில்நுட்பம் வளர வளர அவருடைய இல்லாமை தெளிவாகத் தெரிந்துகொண்டே வந்ததே தவிர, அவர் வரவில்லை. எனக்கு அவர் வீட்டுக்கு வர வேண்டும். அதற்கு மேல் எனக்கு எந்த எரிசக்திக் கொள்கையும் கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை, அணிசேராமை எல்லாம் வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கை தேய்ந்தவள். பிள்ளைகளுக்கு அணிசேராமை புரிவதேயில்லை. எனக்கு என் அடுக்களையிலிருந்து புரிந்த விஷயம் அது. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் காலைத் தேநீருக்குக் கேஸ் அடுப்பு. சோற்றுக்கும் மீன்குழம்புக்கும் பின்பக்கச் சாய்ப்பில் விறகடுப்பு. இரண்டும் காலை வாரிவிடுகிற நாளுக்குக் கட்டிலுக்கடியில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். எந்த அடுப்புக்கும் நான் அடிமையில்லை. எந்த அடுப்போடும் பகையும் இல்லை. கேஸ் வரத் தாமதமானால் விறகு, விறகு நனைந்தால் மண்ணெண்ணெய். வளரும் நாடுகள் பொருளாதார அதிர்ச்சிகளைத் தாங்குவது எப்படி என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் பேசும்போதெல்லாம் நான் என் ஸ்டவ்வின் திரியைக் கத்தரித்துக்கொண்டிருப்பேன்.

புது வீட்டுக்கு இந்த மூன்றும் வரக்கூடாது என்பது கணவரின் உத்தரவு. வெள்ளை டைல்ஸில் கரி பிடிக்குமாம். ஸ்டவ்வைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டேன். கேஸ் கனெக்‌ஷனை ஏஜென்சியில் ஒப்படைத்தேன். அங்கே கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா யோசிச்சியளா டீச்சர்?" என்று கேட்டாள். நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இந்த சிலிண்டர் போனால் அவர் வருவார்.

வீட்டு வேலையை நின்று பார்த்தவர் என் கொழுந்தன். மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடையில் ஆணி விற்பார், வாட்ஸ்அப்பில் வெளியுறவு பார்ப்பார். எந்த நாடு எந்த நாட்டை எப்போது அடிக்கும், நாம் யாரிடம் எண்ணெய் வாங்கினால் யாருக்கு வயிறு எரியும் என்பதெல்லாம் அவருக்கு அந்தந்த நாட்டு மந்திரிகளுக்கு முன்னாலேயே தெரியும். சீனப் பொருளை வாங்காதே என்று தினமும் காலையில் ஒரு படம் அனுப்புவார். சோலார் பலகைகள் வந்து இறங்கிய அன்று பெட்டிகளின் மேல் முழுக்கச் சீன எழுத்து. கொழுந்தன் ஒவ்வொரு பெட்டியாக எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். எல்லைப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

"மைனி, இனி நாம கரண்டு வாங்குத வீடு இல்ல, விக்கித வீடாக்கும். பகல்ல மிச்சம் வாறத லைனுக்கு விட்டுருவோம். ஏற்றுமதி," என்றார் அண்ணியான என்னிடம்.

சோலார் கம்பெனிப் பையன் கையேட்டை வைத்துக்கொண்டு பாட்டரி வைத்தது, வைக்காதது என்று ஏதோ விளக்க வந்தான். கொழுந்தன் அவனை முடிக்க விடவில்லை. "பகல்ல சூரியன் இருக்கு, ராத்திரி லைன் இருக்கு. நடுவுல பாட்டரி எதுக்குவே?" என்று கேட்டுச் சிரித்தார். பாட்டரி இல்லாதது விலை குறைவு. பையனும் சிரித்து வைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவில் சண்டை மூண்டது. கப்பல்கள் கடலிடுக்கில் நின்றன. இங்கே கேஸ் வரவில்லை. மார்த்தாண்டத்து ஓட்டல்களில் தோசைக்கல் ஆறிக் கிடந்தது. ஏஜென்சி வாசலில் சிலிண்டர்கள் வரிசை கட்டின. தாங்கள் நிற்க முடியாதவர்கள் சிலிண்டரின் தலையில் துண்டைக் கட்டி இடம் பிடித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. எண்ணெய் விலை ஏறினால் சமையல் கேஸ் விலை ஏறுமென்று திட்டுவோம். எண்ணெய் விலை இறங்கினால் வளைகுடாக் கம்பெனியில் ஆளைக் குறைப்பார்களென்று பதறுவோம். அந்த வாரம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து கேஸ் விலை குறைய ஜெபிக்க வேண்டும் என்றார். அடுத்த பாயில் இருந்தவர் எழுந்து, தன் மகன் வேலை பார்க்கிற எண்ணெய்க் கம்பெனி செழிக்க ஜெபிக்க வேண்டும் என்றார். போதகர் கண்ணை மூடினார். பிறகு, "ஆண்டவரே, உமக்குச் சித்தமான விலையிலே" என்று தொடங்கினார். வெளியுறவுத் துறையில் இருக்க வேண்டிய மனுஷன்.

இந்தக் குழப்பத்தில் எங்கள் பாலுகாய்ச்சு வந்து மாட்டியது. எங்கள் பக்கத்தில் புது வீட்டுக்குள் குடி போகிற அன்று, ஜெபம் முடிந்ததும் அடுக்களையில் முதன்முதலாகப் பால் காய்ச்சிப் பொங்க விட வேண்டும். இந்துவோ கிறிஸ்தவரோ, அதில் வித்தியாசம் கிடையாது. பால் பொங்கி வழிந்தால்தான் அது வீடு. அழைப்பிதழ் கொடுத்து முடித்த பிறகு விமானங்கள் நின்றன. கணவரின் லீவை ஆலை ரத்து செய்தது.

"தேதிய மாத்த வேண்டாம்," என்று போனில் சொன்னார். "நான் வீடியோவுல பாக்கேன். கம்பெனியில காண்ட்ராக்டப் புதுப்பிக்கியா இல்லையான்னு கேட்டுட்டு இருக்கான். பாலுகாச்சு நல்லா நடந்து, வீடு ஓடுதுன்னு பாத்துட்டா நான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருவேன். ஏதாவது குறை இருந்தாச் சொல்லு. சரியாக்கிட்டே வருவோம். இன்னொரு காண்ட்ராக்ட் நிக்கணும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியும். அதற்குள் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். அதையும் வீடியோவில் பார்ப்பார்.

பாலுகாய்ச்சுக்கு இரண்டு நாள் முன்னால் பேப்பரில் ஒரு மூலையில் அறிவிப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதிக்குப் பாலுகாய்ச்சு நாளில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்சாரம் இருக்காது. நான் பேப்பரோடு கொழுந்தனிடம் ஓடினேன். அவர் அதை வாசித்துவிட்டு லாட்டரி விழுந்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

"நல்லதாப் போச்சு மைனி. ஊருக்கே கரண்டு இல்லாத அன்னைக்கு நம்ம வீட்டுல மட்டும் ஃபேன் சுத்தணும், பால் பொங்கணும். எல்லாவனும் பாக்கட்டும்."

இந்த வாய்ப்பை ஊர் நழுவவிட்டுவிடக் கூடாதே என்று வாட்ஸ்அப்பிலும் போட்டார். கரண்ட் இல்லாத நாளில் கரண்ட் அடுப்பில் பாலுகாய்ச்சு, அனைவரும் வருக. அழைக்காதவர்களும் வந்தார்கள்.

அன்று காலை வெயில் நெற்றிப்பொட்டில் அடித்தது. மாடியில் பலகைகள் பளபளத்தன. வீட்டுக்குப் பின்னால் சமையல்காரர் கேஸ் கிடைக்காததால் ரப்பர் மர விறகைப் போட்டு மூன்று பெரிய அடுப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தீ மூட்டியிருந்தார். புகை இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று கொழுந்தன் இடையில் ஒரு தார்ப்பாய் கட்டியிருந்தார். முன்பக்கம் வருங்காலம், பின்பக்கம் விறகு.

குறித்த நேரத்தில் ஊரில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு மிக்ஸி பாதியில் நின்றது எல்லோருக்கும் கேட்டது. கொழுந்தன் ஹாலின் நடுவில் நின்று மேலே கை காட்டினார்.

எங்கள் ஃபேனும் நின்றது.

"ஒரு நிமிஷம். சூரியன் ஏத்தெடுக்கும்," என்றார்.

சூரியன் ஏற்றெடுக்கவில்லை. ஃபேன் இறக்கைகள் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி ஓய்ந்தன. கரண்ட் அடுப்பு கறுப்புக் கண்ணாடியாகக் கிடந்தது. கொழுந்தன் மாடிக்கு ஓடினார், இறங்கினார், மறுபடியும் ஓடினார். போதகருக்கு நிலைமை புரிந்துவிட்டது. பால் காய்ச்சும் வரைக்கும் ஜெபத்தை இழுத்துப் பிடிக்க வேண்டிய பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்துக்காக ஜெபித்தார். ஊருக்காக, மாவட்டத்துக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபித்தார். சண்டை போடுகிற நாடுகளைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகச் சமாதானத்துக்குள் கொண்டுவந்தார். கடைசியில் சண்டையே போடாத நாடுகளுக்கு வந்துவிட்டார். கரண்ட் மட்டும் வரவில்லை.

கொழுந்தன் சோலார் கம்பெனிப் பையனைப் போனில் பிடித்து, என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். பையன் நிதானமாகச் சொன்னான்.

"சார், அது லைன் கூட சேந்து ஓடுதது. லைன்ல கரண்டு இல்லன்னா தன்னால நின்னுரும். இல்லைன்னா உங்க கரண்டு லைன்ல ஏறி, போஸ்ட்டுல நிக்கிதவருக்கு அடிச்சிராதா? தனியா ஓடணும்னா பாட்டரி வேணும் சார். அன்னைக்கே சொல்ல வந்தேன்."

யாரையும் நம்பாமல் சொந்தக் காலில் நிற்கும் வீடு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது, உண்மையில் தெருக்கோடிக் கம்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. கம்பம் கையை விட்டதும் உட்கார்ந்துவிட்டது. எத்தனையோ தேசங்களின் தற்சார்பு இந்த ரகம்தான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சிரிக்கத்தான் நேரமில்லை.

"அண்ணனுக்குச் சொல்லிருதேன்," என்று கொழுந்தன் போனில் எண்ணைத் தேடினார். "பாட்டரி போட்டுருவோம் மைனி. அண்ணன் இன்னும் ஒரு காண்ட்ராக்ட் நின்னா முடிஞ்சு."

நான் அந்தப் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. "ஒரு வார்த்த அங்க போகப்பிடாது," என்றேன். "போச்சுன்னா நான் உங்ககூடப் பேசமாட்டேன்." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. உள்ளே அவ்வளவு பயம். ஒரு பாட்டரிக்காக அந்த மனுஷனை மறுபடியும் பாலைவனத்துக்குக் கொடுக்க என்னால் முடியாது.

பின்கதவைத் திறந்து தார்ப்பாயை விலக்கினேன். சமையல்காரரிடம் மூன்று செங்கல்லும், ஒரு சட்டி கனலும், நாலு விறகுத் துண்டும் கேட்டேன். அவர் கொடுத்தார். கரண்ட் அடுப்புக்குப் பக்கத்திலேயே கிரானைட் மேடையில் செங்கல்லை வைத்துக் கனலைக் கொட்டி விறகை அடுக்கிப் பால் பானையை ஏற்றினேன். பட்டுச் சேலையோடு குனிந்து ஊதினேன். ரப்பர் விறகு பச்சை, புகை அள்ளிக்கொண்டு வந்தது. புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற இயந்திரம் ஒன்று அடுப்புக்கு மேலே அழகாகத் தொங்கியது. அதுவும் கரண்டில் ஓடுவது.

வைஃபை செத்திருந்ததால் மகள் மொபைல் டேட்டாவில் அப்பாவை வீடியோவில் பிடித்தாள். டவர் மட்டும் டீசலில் ஓடிக்கொண்டிருந்தது போல. சூரிய வீட்டின் பாலுகாய்ச்சை உலகத்துக்குக் காட்டிய பெருமை கடைசியில் டீசலுக்குத்தான் போனது.

"பானையையும் எனக்க மூஞ்சையும் மட்டும் காட்டு மக்கா. கீழ எறக்கிராத," என்று அவளிடம் சொன்னேன். அவள் அம்மாவின் பிள்ளை, ஒன்றும் கேட்கவில்லை.

கணவர் திரையில் வந்தார். ஆலை உடுப்பில், தலையில் தொப்பியோடு நின்றார். அவருக்குப் பின்னால் உயரமான குழாயின் நுனியில் ஒரு பெரிய தீ எரிந்துகொண்டிருந்தது. மிஞ்சிப்போன வாயுவை அப்படித்தான் எரித்துத் தள்ளுவார்களாம். ஒரு செம்புப் பால் பொங்க நான் இங்கே தீக்கு அல்லாடுகிறேன். அங்கே வானத்துக்கு வீணாகத் தீ வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

பால் நுரை கட்டி ஏறியது. ஏறி நின்று, மேற்குப் பக்கமாக வழிந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். மேற்கே வழிந்தால் என்ன பலனோ என்று யாரோ முணுமுணுத்தார்கள். வளைகுடா அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"பொங்கியாச்சா? ஃபேன் சத்தமே கேக்கல்ல. கரண்டு இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"இருக்கு. ஜெபத்துக்காவ நிறுத்தி வச்சிருக்கு."

"எதுல பொங்கிச்சு?"

"நீங்க வாங்கித் தந்த அடுப்புலதான்."

இதைப் பொய் என்று சொல்லக் கூடாது. அரசாங்கங்கள் இதற்கு அறிக்கை என்று பெயர் வைத்திருக்கின்றன.

என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. புகைதான் பாதி. மீதி அவர் அந்தத் தொப்பியோடு நின்ற நிலை. அவர் கண்ணைச் சுருக்கி என் தலைக்குப் பின்னால் எதையோ பார்த்தார். பிறகு, "அழாதட்டி. வந்திருதேன்," என்றார். போன் நின்றது.

அன்று சாயங்காலம் கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் எங்கள் சோலாரும் வீரமாக எழுந்து நின்று, மிச்சமிருந்த அரைகுறை வெயிலில் ஏற்றுமதியைத் தொடங்கியது. நான் சுவரைத் தேய்த்தேன். சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் போட்டேன். வெள்ளை டைல்ஸின் இடுக்குகளில் ஏறிய கரி போகவில்லை. கடைசியில் சபைக் காலண்டரை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன். அடுப்புக்கு மேலே காலண்டரா என்று கேட்டவர்களிடம், வசனம் வாசித்துக்கொண்டே சமைக்கிறேன் என்றேன். என் பக்தி ஊரில் பெயர் பெற்றது.

சண்டை ஓய்ந்தோ ஓயாமலோ விமானங்கள் பறக்கத் தொடங்கின. அவர் வந்தார். காண்ட்ராக்ட் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டியோடும் நரைத்த மீசையோடும் வந்து இறங்கினார். கொழுந்தனிடம் நான் ஏற்கெனவே பேச்சுவார்த்தை நடத்தி முடித்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. பராமரிப்பு அறிவிப்பு பேப்பரில் வருகிறதா என்று மட்டும் இருவரும் திருடர்கள் போலத் தினமும் தேடிக்கொண்டிருந்தோம்.

வந்தது. தவிர்க்க முடியுமா? அன்று காலை நல்ல வெயில். அவர் அடுக்களை நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஃபேன் நின்றது. கரண்ட் அடுப்பில் வைத்த தேநீர்த் தண்ணீர் சூடாகாமல் அடங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். இதோ பாட்டரி என்பார், இதோ பெட்டியை எடுப்பார்.

அவர் எழுந்தார். மாடிக்கு ஓடவில்லை. நேராகச் சுவருக்குப் போய்க் காலண்டரைத் தூக்கினார். கரியில் விரலை வைத்து இழுத்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"ரப்பர் விறகு. அதும் பச்சை," என்றார்.

நான் தேநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன்.

"ஏட்டி, இத்தன வருஷம் புகையப் பாத்துச் சம்பளம் வாங்குனவன் நான். உனக்க தலைக்குப் பின்னால புகை ஏறுனது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? பாட்டரி இல்லாத சோலாரு லைன் போனா நின்னுரும்னும் தெரியும்."

"பின்ன ஏன் அன்னைக்கே கேக்கல்ல?"

அவர் காலண்டரைப் பழையபடி தொங்கவிட்டு, கோணலாக இருந்ததை நேராக்கினார்.

"கேட்டா நீ உள்ளதச் சொல்லிருப்ப. பின்ன நான் பாட்டரிக்காவ அங்க நிக்கணும்லா?"

பின்கதவைத் திறந்து வெளியே போய், பாலுகாய்ச்சு அன்று மிஞ்சி நான் மழைக்கு மூடி வைத்திருந்த விறகில் தேநீருக்கு இரண்டு கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.